வலிக்காமல் நகர்ந்த பற்கள்: உறக்க மூச்சுத்தடைக்கான வாய்க்கருவியோடு எட்டு ஆண்டுகள்

உறக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் மூச்சுத்தடை என்ற கோளாறுக்காக, எட்டு ஆண்டுகள் இரவுதோறும் வாயில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உறங்கினேன். அது என் உறக்கத்தை மீட்டுத் தந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே கருவி, சிறிதும் வலிக்காமல், நான் அறியாமலே என் பற்களை இடம் மாற்றிவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நகர்ந்த பற்களைத் திரும்பக் கொண்டுவருவதற்காகப் பத்தொன்பது மாதங்கள் பல்லில் கம்பி கட்டியிருந்தேன். கருவிக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் அதற்குக் கொடுத்தேன். தொடக்கத்தில் யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் இதில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவே கருவியைக் கழற்றி வைத்துவிட வேண்டாம். சிகிச்சை இல்லாத மூச்சுத்தடை, நகர்ந்த பல்லைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

எனக்கு மூச்சுத்தடை இருப்பதைக் கண்டுபிடித்தவள் என் மகள். ஒரே அறையில் உறங்கிய நாட்களில் ஒரு காலை, "அம்மா, ராத்திரி உன் குறட்டை திடீர்னு நின்னுடுது, மூச்சுச் சத்தமே வரல, எனக்குப் பயமாயிடுச்சு" என்றாள். அதற்கு முன்பு ஓராண்டாகவே காலையில் தலைவலியோடு எழுவதும், பிற்பகலில் மேசைக்கு முன்னால் கண் சொக்குவதும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவதும் வழக்கமாகியிருந்தன. மாதவிடாய் நிற்கும் வயதின் தொல்லைகள் என்று நானும் மற்றவர்களும் ஒதுக்கிவிட்டோம். அந்த வயதுக்குப் பிறகு பெண்களுக்கு மூச்சுத்தடை வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. இரவு முழுவதும் உடலில் கம்பிகளை ஒட்டிச் செய்த உறக்கப் பரிசோதனையில், ஒரு மணி நேரத்துக்கு இருபத்திரண்டு முறை என் மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று கணக்கு வந்தது. ஐந்திலிருந்து பதினைந்து வரை லேசானது, பதினைந்திலிருந்து முப்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். நான் நடுத்தரத்தில் இருந்தேன்.

முதலில் கொடுத்தது சிபாப் இயந்திரம். 1981இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் உலகுக்கு அறிவித்த முறை இது; முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டை சுருங்கி மூடாமல் பார்த்துக்கொள்கிறது. இன்றும் மூச்சுத்தடைக்கு முதன்மையான சிகிச்சை இதுதான். ஆனால் நான்கே மாதங்களில் அதைத் தூக்கி வைத்துவிட்டேன். முகமூடியின் ஓரம் வழியே காற்று கசிந்து கண்ணில் அடித்தது, மூக்கு வறண்டது, நள்ளிரவில் என்னை அறியாமலே அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன். முகமூடியின் அளவும் வகையும் எனக்குப் பொருந்தவில்லை, வேறு வகைகள் உண்டு, ஈரப்பதம் கூட்டும் பகுதியைப் பொருத்தலாம் என்றெல்லாம் அப்போது நான் கேட்கவில்லை. எவரும் தாமாகச் சொல்லவும் இல்லை. சிபாப் ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்பு இரண்டு வேறு வகை முகமூடிகளையாவது போட்டுப் பாருங்கள். நான் அந்தப் பொறுமையைக் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

வாய்க்கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டதும், சிக்கனம் என்று நினைத்து, வெந்நீரில் போட்டு இளக்கிப் பல்லால் கடித்து வடிவம் கொடுக்கும் ஆயத்தக் கருவி ஒன்றைத்தான் முதலில் வாங்கினேன். அது கனமாக இருந்தது, இரவில் நழுவி விழுந்தது, மூன்றே மாதங்களில் ஒரு பக்கம் பிளந்துபோனது. அந்தப் பணமும் மூன்று மாதமும் வீண். பிறகுதான் பல் மருத்துவர் ஒருவரிடம் பற்களுக்கு அச்சு எடுத்து, என் வாய்க்கென்றே செய்யப்பட்ட கருவியைப் பெற்றேன். ஒன்றரை மாதச் சம்பளம் அதற்குப் போனது. அமெரிக்காவின் உறக்க மருத்துவ அமைப்பும் உறக்கத்துக்கான பல் மருத்துவ அமைப்பும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: ஆளுக்கேற்பச் செய்த, முன்பின் நகர்த்திச் சரிசெய்யக்கூடிய கருவியாக இருக்க வேண்டும், தகுதி பெற்ற பல் மருத்துவர் அதைச் செய்ய வேண்டும், மாட்டிய பிறகு மீண்டும் உறக்கப் பரிசோதனை வேண்டும், பக்க விளைவுகளைக் கவனிக்க அவ்வப்போது பல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த நான்கில் முதல் மூன்றும் எனக்கு நடந்தன. நான்காவது நடக்கவே இல்லை. எனக்கு நேர்ந்ததெல்லாம் அந்த நான்காவதில் விழுந்த ஓட்டையால்தான்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பல் ஏன் நகர்கிறது என்பதும் விளங்கும். மேல் பல்வரிசைக்கு ஓர் உறை, கீழ்வரிசைக்கு ஓர் உறை. இரண்டையும் பக்கவாட்டில் திருகுள்ள இணைப்பு பிணைக்கிறது. கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுத்து அங்கேயே நிறுத்தி வைப்பது அந்த இணைப்பின் வேலை. தாடை முன்னே வந்தால் அதோடு ஒட்டியிருக்கும் நாக்கும் முன்னே வரும், பின்னால் தொண்டை விரியும். என்னால் தாடையை அதிகபட்சம் ஒன்பது மில்லிமீட்டர் முன்னே நீட்ட முடிந்தது. கருவியை ஏறத்தாழ ஐந்தில் தொடங்கி, சில வாரங்களில் ஆறரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் தாடை அங்கே தானாக நிற்பதில்லை. தசைகளும் இணைப்புத் திசுக்களும் அதை இயல்பான இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன, அந்த இழுவையை இரவு முழுவதும் பற்கள்தான் தாங்குகின்றன. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கொடிக்கயிற்றை விறைப்பாகக் கட்டினால், நாளாக ஆகக் கம்பங்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று சாயுமே, அதைப் போலத்தான். மேல் முன்பற்கள் உள்நோக்கிச் சாய்கின்றன, கீழ் முன்பற்கள் வெளிநோக்கிச் சாய்கின்றன. லேசான விசையை நீண்ட நேரம் கொடுத்தால், பல்லின் ஒரு பக்கத்தில் எலும்பு கரைந்து மறுபக்கத்தில் வளர்ந்து பல் இடம் பெயரும். பல் சீரமைப்புக்குக் கம்பி கட்டுவதன் அடிப்படையே இதுதான். வளரும் பிள்ளைகளின் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரப் பல் சீரமைப்பு நிபுணர்கள் இதே வகைக் கருவிகளைத் தலைமுறைகளாகக் கொடுத்துவருகிறார்கள். அப்படியிருக்க, பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் அணிந்தால் பல் நகராது என்று நான் எப்படி நம்பினேன் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் இரண்டு ஆண்டுகள் அருமையாகப் போயின. மறுபரிசோதனையில் இருபத்திரண்டு ஏழாகக் குறைந்திருந்தது. காலைத் தலைவலி போயிற்று, மகள் நிம்மதியாக உறங்கினாள், நான் மனுஷியானேன். தொடக்க வாரங்களில் எச்சில் ஒழுகியதும், முன்பற்கள் கூசியதும், தாடை மூட்டில் வலித்ததும் தாமாகவே அடங்கின. காலையில் கருவியைக் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேராது. தாடை முன்னேயே நின்றுகொண்டிருக்கும். இரவு முழுவதும் சுருங்கிக் கிடந்த தசை தளர்வதற்கு நேரமாவதால் அப்படி. அதற்காகக் கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் கடிவில்லையைக் கொடுத்திருந்தார்கள். என் இயல்பான கடிப்பு அதில் பதிந்திருக்கும். காலையில் அதை வாயில் வைத்து, பற்கள் தத்தம் குழியில் உட்காரும்வரை சில நிமிடங்கள் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு காலை அவசரத்தில் விட்டுப்போனது, அதன் பிறகு கடிவில்லை எங்கே போனதென்றே தெரியவில்லை. தினமும் கடித்திருந்தால் பல் நகர்வது முழுக்க நின்றிருக்கும் என்று என் மருத்துவர் சொல்லவில்லை. ஆனால் அது கையில் இருந்திருந்தால், பற்கள் அதன் குழிகளில் உட்கார மறுத்த முதல் நாளே எனக்குச் செய்தி தெரிந்திருக்கும் என்றார். அப்படி ஒரு கடிவில்லை உங்களிடம் இருந்தால் அதை ஓர் அளவுகோலாகவே பாவித்துப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது ஆண்டில் உடல் எடை கொஞ்சம் கூடியது, குறட்டை திரும்பியது. என் வாழ்வின் பெரிய முட்டாள்தனங்களில் ஒன்றை அப்போதுதான் செய்தேன். திருகைத் திருப்பும் சிறிய சாவி என்னிடமே இருந்தது. மருத்துவரிடம் போகாமல், மறுபரிசோதனையும் செய்யாமல், வாரம் ஒரு திருப்பு என்று நானே முன்னே தள்ளினேன். குறட்டை குறைந்ததும் பெருமை வேறு. ஆறரையிலிருந்து ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் வரை போயிருக்கிறேன் என்பதை, பல ஆண்டுகள் கழித்து ஒருவர் அளந்து சொன்னபோதுதான் அறிந்தேன். தாடையை எவ்வளவு முன்னே தள்ளுகிறோமோ அவ்வளவு பளு பற்களின் மேல் ஏறுகிறது. குறட்டை நின்றாலே மூச்சுத்தடை நின்றுவிட்டது என்று பொருளும் அல்ல. சத்தமில்லாமலும் மூச்சு நிற்கலாம். எடை கூடினால் அதைக் குறைக்கப் பார்த்திருக்க வேண்டும், பக்கவாட்டில் படுத்துப் பார்த்திருக்க வேண்டும், முக்கியமாகப் பரிசோதனையை மீண்டும் செய்திருக்க வேண்டும். சாவி கையில் இருக்கிறது என்பதற்காக அதைத் திருப்பக் கூடாது.

அடுத்த சில ஆண்டுகளில் மூன்று அறிகுறிகள் வந்தன. மூன்றையும் நான் தவறாகவே படித்தேன். முதலாவது, சிறு வயதிலிருந்தே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த என் கீழ் முன்பற்கள் மெல்ல மெல்ல வரிசைக்கு வந்தன. "பார்த்தாயா, கம்பி கட்டாமலே பல் நேராகிவிட்டது" என்று மகளிடம் காட்டிச் சிரித்தேன். பற்கள் வெளிநோக்கிச் சாய்ந்து இடம் விரிந்ததால்தான் நெரிசல் குறைந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது, கீழ்ப்பற்களின் இடுக்குகளில் உணவு சிக்கத் தொடங்கியது. இறுக்கமாக இருந்த இடங்களில் இடைவெளி திறந்திருந்தது. வயதானால் அப்படித்தான் என்று பல் குத்தும் குச்சியோடு சமாதானமடைந்தேன். மூன்றாவது, மேல் முன்பல் ஒன்றின் முனை சில்லு பெயர்ந்தது. ஒரு பல் மருத்துவர் பல் நிறப் பசையால் ஒட்டினார். நான்கு மாதத்தில் உதிர்ந்தது. மீண்டும் ஒட்டினார்; மீண்டும் உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் கட்டணம், ஒவ்வொரு முறையும் அரை நாள் விடுப்பு. மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் விளிம்போடு விளிம்பாக மோதிக்கொள்கின்றன, எதை ஒட்டினாலும் நிற்காது என்று அவர் பார்க்கவில்லை. இரவில் கருவி அணிகிறேன் என்று நானும் அவரிடம் சொல்லவில்லை. பல்லைக் கழுவப் போனாலும் சரி, பிடுங்கப் போனாலும் சரி, எந்தப் பல் மருத்துவரிடமும் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கருவியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உண்மை வெளிவந்தது எட்டாம் ஆண்டில், வேறொரு மருத்துவரிடம், கடைவாய்ப் பல் ஒன்றை மூடும் தொப்பி போடப் போன இடத்தில். அவர் என் வாயைத் திறந்து பார்த்தார், மூடச் சொன்னார், மீண்டும் திறக்கச் சொன்னார். "நீங்கள் இரவில் ஏதாவது மாட்டிக்கொண்டு படுக்கிறீர்களா?" என்றார். பிறகு, தலைமுடியைவிட மெல்லிய வெள்ளித்தாள் கீற்று ஒன்றை இடுக்கியால் பிடித்து என் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைத்து, நன்றாகக் கடிக்கச் சொன்னார். பலம் முழுவதையும் கூட்டிக் கடித்தேன். உறையிலிருந்து கடிதத்தை உருவுவதைப் போல அந்தக் கீற்றை உருவி எடுத்துவிட்டார். வலப்பக்கம், இடப்பக்கம், ஒவ்வொரு கடைவாய்ப் பல்லாக வைத்துப் பார்த்தார். எதுவும் தாளைப் பிடிக்கவில்லை. முன்பற்களுக்கு நடுவே வைத்தபோது மட்டும் தாள் அசையாமல் நின்றது, இழுத்ததில் கிழிந்தது. அப்படியென்றால் ஆண்டுக்கணக்காக நான் எதை வைத்து மென்றுகொண்டிருந்தேன்? சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு கனப்பதையும், கீரைத் தண்டு நார் நாராக அப்படியே தொண்டைக்கு வருவதையும் அப்போதுதான் சேர்த்து நினைத்துப் பார்த்தேன். உங்களால் வெள்ளித்தாளைத் தேட முடியாவிட்டால் மெல்லிய தாள் கீற்று ஒன்றை வைத்தே மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பிற்பகலில் பாருங்கள், காலையில் தசை தளராத நிலையில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

அவர் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் விடை இல்லை: கருவி போடுவதற்கு முன்பு பற்கள் எப்படி இருந்தன? அளவு குறித்தார்களா, படம் எடுத்தார்களா, பக்கவாட்டு எக்ஸ்ரே இருக்கிறதா? கருவி செய்த இடத்தில் விசாரித்தால் பதிவு எதுவும் இல்லை என்றார்கள். பல் நகரலாம் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்களா என்று கேட்டேன், அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து பரணைக் குடைந்ததில், கருவியோடு அன்று கொடுத்த அட்டைப்பெட்டி அகப்பட்டது. அதற்குள் அச்சிலிருந்து வார்த்த சுண்ணப் பற்கள், மேலும் கீழுமாக இரண்டு. மூன்று முறை வீடு ஒழித்தபோதும் இதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை. மருத்துவர் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். 'டக்' என்று பூட்டுப் போலப் பொருந்தி, கையை எடுத்த பிறகும் அசையாமல் நின்றன. புதிதாக அச்சு எடுத்து வார்த்த என் இன்றைய பற்களை அதேபோல் வைத்தார். ஒரு கால் குட்டையான முக்காலியைப் போல ஆடின. அளவுகோலால் அளந்தார். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே குறுக்காக நான்கு மில்லிமீட்டர் இருந்தது, அரை மில்லிமீட்டராகியிருந்தது. மேல்பல் கீழ்ப்பல்லை மூடியிருந்த உயரம் மூன்றரையிலிருந்து ஒன்றுக்குக் குறைந்திருந்தது.

நான் மட்டும்தான் இப்படியா என்று கேட்டேன். இல்லை, நீண்ட காலம் அணிபவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஓர் அளவு மாற்றம் வருகிறது, பலர் அதை உணர்வதே இல்லை என்றார். கனடாவில் 77 பேரைச் சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காட்டினார்: மூடும் உயரம் சராசரியாக 2.3 மில்லிமீட்டரும் குறுக்கு இடைவெளி 1.9 மில்லிமீட்டரும் குறைந்திருந்தன. உயரம் குறையும் வேகம் காலப்போக்கில் தணிந்தது; குறுக்கு இடைவெளியோ ஆண்டுகள் ஆக ஆகத் தொடர்ந்து குறைந்துகொண்டே போனது. அதாவது, முதல் சில ஆண்டுகளில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் இனி நகராது என்று நினைக்க முடியாது. ஆளுக்கு ஆள் வேறுபாடும் பெரிது. மேல்பற்கள் தூக்கலாகவும் கீழ்ப்பற்களை ஆழமாக மூடியும் இருப்பவர்களுக்குச் சிறிது நகர்வு வந்தால்கூடக் கெடுதல் இல்லை, சிலருக்குக் கடிப்பு மேம்படவும் செய்யலாம். முதலிலேயே முன்பற்கள் விளிம்போடு விளிம்பாக இருப்பவர்களுக்குத்தான் கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டி வெளியே வந்துவிடும் அபாயம். பற்கள் நிறைய விழுந்துவிட்டவர்களும், ஈறு நோயால் பல் ஆட்டம் கண்டவர்களும், தாடை மூட்டில் முன்பே கோளாறு உள்ளவர்களும் கருவி கேட்பதற்கு முன்பே இதை விரிவாகப் பேச வேண்டும். நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, "என் பற்களுக்கு இடையே இப்போது எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, அதில் எவ்வளவை இழக்க என்னால் முடியும்?" என்பதுதான்.

அதன் பிறகு வந்த மாதங்கள்தான் இந்த அனுபவத்திலேயே கொடியவை. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. கருவி செய்தவர் எச்சரிக்கவில்லை. சாவியைத் திருப்பியது நான். பல் வரிசையாகிவிட்டதென்று சிரித்ததும் நான்தான். கண்ணாடி முன் நின்று வாயை மூடி மூடிப் பார்ப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மருத்துவர் மூன்று வழிகளை வைத்தார். ஒன்று, மாறிய கடிப்பை ஏற்றுக்கொண்டு கருவியைத் தொடர்வது. மெல்லுவதில் பெரிய இடைஞ்சல் இல்லாதவர்கள் பலர் தெரிந்தே இதைத் தேர்ந்தெடுக்கிறார்களாம், அதில் தவறேதும் இல்லை என்றார். இரண்டு, கருவியை நிறுத்தி வேறு சிகிச்சைக்கு மாறி, பற்களை அப்படியே விட்டுவிடுவது. தசையால் வந்த மாற்றம் சில வாரங்களில் மீளும், எலும்பில் நகர்ந்த பல் தானாக முழுதும் திரும்பாது. மூன்று, வேறு சிகிச்சைக்கு மாறிக்கொண்டு கம்பி கட்டுவது. கருவியையும் அணிந்துகொண்டு கம்பியும் கட்டுவதில் பொருளில்லை. பகலில் கட்டியதை இரவில் அவிழ்ப்பதாகும். என்னால் சரியாக மெல்ல முடியவில்லை, முன்பற்கள் தேய்ந்துகொண்டிருந்தன. ஆகவே மூன்றாவதை எடுத்தேன்.

ஆக, எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தூக்கி வைத்த சிபாப்பிடமே திரும்ப வேண்டியிருந்தது. இடையில் இயந்திரங்கள் சத்தம் குறைந்திருந்தன, மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய முகமூடி கிடைத்தது, ஈரக்காற்று வந்தது. இந்த முறை அவசரப்படவில்லை. முதல் வாரம் மாலையில் படிக்கும்போது அரை மணி நேரம் மட்டும், அடுத்த வாரம் படுத்துக்கொண்டு விழித்திருக்கும்போது, பிறகு உறக்கத்தின் முதல் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போனேன். ஆறு வாரத்தில் முழு இரவும் பழகிவிட்டது. சிபாப்பும் ஒத்துவராதவர்களுக்கு வேறு வாசல்கள் உண்டு: எடை குறைப்பது, மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு நிற்பவர்கள் படுக்கும் நிலையை மாற்றுவது, தாடைகளை முன்னே நகர்த்தும் அறுவை சிகிச்சை, நாக்கை இயக்கும் நரம்பைத் தூண்ட உடலுக்குள் பதிக்கும் கருவி. கடைசியாகச் சொன்னதற்கு அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. எதுவானாலும் கருவியைக் கழற்றும் நாளும் மாற்றுச் சிகிச்சை தொடங்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் நான் வெறும் வாயோடு உறங்கிய பதினோரு இரவுகளில் பகல் மயக்கம் அப்படியே திரும்பி வந்தது; அந்த நாட்களில் வண்டி ஓட்டாமல் இருந்தது நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று.

ஐம்பது வயதைத் தாண்டியபின் கம்பி கட்டிக்கொள்வது எப்படி இருந்தது என்பதை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூச்சம் இரண்டு வாரம், கன்னத்தின் உட்புறத்தில் புண் இரண்டு மாதம். மாதம் ஒருமுறை விடுப்பு. பல் நகர நகர முகமூடி பொருந்துகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கம்பியைக் கழற்றிய பிறகு, நகர்ந்த பல் மீண்டும் போகாமல் இருக்க இரவில் மெல்லிய பிடிப்புறை அணிகிறேன். அது பல்லை அதன் இடத்திலேயே பிடித்து வைக்கிறதே தவிர எந்தப் பக்கமும் இழுப்பதில்லை.

அண்மையில் என் அலுவலக நண்பர் ஒருவருக்கும் இதே வாய்க்கருவியைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அவருக்குச் சிபாப் உண்மையிலேயே ஒத்துவரவில்லை, மூன்று முகமூடிகளை முயன்று பார்த்துவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுண்ண அச்சு இரண்டு ஜோடி செய்து ஒன்றை வீட்டுக்கு வாங்கி வரச் சொன்னேன். முன்பல் அளவுகளை எழுதி வாங்கச் சொன்னேன். பற்களைக் கடித்த நிலையில் முன்னிருந்தும் இரு பக்கமிருந்தும் கைப்பேசியில் படம் எடுத்துத் தேதியோடு வைக்கச் சொன்னேன். ஆறு மாதம் கழித்தும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் வரச் சொல்வார்களா, அந்த வருகைகளுக்குத் தனிக் கட்டணமா என்று கருவிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்கச் சொன்னேன். எவ்வளவு நகர்ந்தால் நிறுத்துவது என்ற எல்லையை மருத்துவரோடு இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளும்படியும் சொன்னேன், ஏனென்றால் எட்டு ஆண்டு நல்ல உறக்கத்துக்குப் பிறகு அந்த முடிவை எடுக்க மனம் வராது. திருகுச் சாவியை யாரிடம் கொடுத்து வைப்பது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மனைவியிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் பரணில் இப்போது மூன்று ஜோடிச் சுண்ணப் பற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் தேதி எழுதியிருக்கிறது. மூன்றாவது ஜோடி ஏறக்குறைய முதலாவதைப் போல நிற்கிறது. போன வாரம் மருத்துவர் வெள்ளித்தாளை வைத்துப் பார்த்தபோது வலப்பக்கம் எல்லாப் பற்களும் அதைப் பிடித்துக்கொண்டன. இடப்பக்கத்துக் கடைசிப் பல் மட்டும் இன்னும் விட்டுவிட்டது. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.